நல்ல கையைக் கட்டுவதா, இரண்டு கையையும் சேர்த்துப் பழக்குவதா?

ஒருபக்கப் பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடலின் ஒரு பக்கம் சரியாக இயங்காத நிலை) உள்ள குழந்தையிடம் "இடது கையைத் தூக்கு" என்றால் தூக்கும். சொல்லாமல் விட்டால் அந்தக் கை மடியிலேயே கிடக்கும். வலது கையும் பல்லும் தொடையும் சேர்ந்து எல்லா வேலையையும் முடித்துவிடும். தசை இறுக்கம் பாதிப் பிரச்சினைதான். அந்தக் கை இல்லாமலே காரியம் நடக்கும் என்று மூளை பழகிப்போனது மீதிப் பாதி.

இந்தப் பழக்கத்தை உடைக்க இரண்டு முறைகள் போட்டி போடுகின்றன. ஒன்று சி.ஐ.எம்.டி.: நல்ல கையைக் கையுறையிலோ மாவுக்கட்டிலோ அடைத்துவிட்டு, பலவீனமான கையையே வேலை செய்ய வைப்பது. மற்றொன்று ஹாபிட் எனப்படும் இருகைப் பயிற்சி: எதையும் கட்டாமல், இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளை மட்டும் கொடுப்பது. மும்பையில் தாராவி, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு மூன்றாவதாக ஒன்று நன்றாகத் தெரியும்: எண்ணெய் தேய்த்து உருவி, விரல்களை நீட்டி மடக்கிவிடுவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். ஸ்வீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழு ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கையுறைப் பயிற்சியையும் மசாஜையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது (2018). இரண்டு தரப்புக்கும் தினம் அரைமணி நேரம்தான். கையுறைத் தரப்பின் கைதான் அதிகம் முன்னேறியது. இறுகிய மூட்டை வெறுமனே இழுத்து நீட்டுவதால் பெரிய பலன் இல்லை என்பதையும் ஆய்வுத் தொகுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பிறர் கையை அசைக்கும்போது குழந்தையின் மூளை எதையும் திட்டமிடுவதில்லை, காரணம் அவ்வளவுதான். குழந்தைக்குச் சுகமாக இருந்தால் குளிப்பதற்கு முன் தாராளமாக உருவிவிடலாம். பயிற்சிக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது.

இனி உண்மையான போட்டி.

கையுறை முறையின் வேர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். பக்கவாதம் வந்த பெரியவர்களிடம் அவர் தொடங்கியது பிறகு குழந்தைகளுக்கு வந்தது. 2004-இல் வெளியான குழந்தைகள் ஆய்வில் நல்ல கைக்கு மாவுக்கட்டு, தினம் 6 மணி நேரப் பயிற்சி, 21 நாள். பலன் இருந்தது. ஆனால் எந்த வீட்டில் இது நடக்கும்? அதனால்தான் எலியாசன் குழு 2005-இல் எளிமையான வடிவத்தைக் கொண்டுவந்தது: துணிக் கையுறை, தினம் 2 மணி நேரம், இரண்டு மாதம்.

இருகைப் பயிற்சியை வளர்த்தது நியூயார்க்கில் ஆண்ட்ரூ கார்டன் குழு. 2011-இல் 42 குழந்தைகளைப் பிரித்து, இரு முறைகளுக்கும் தலா 90 மணி நேரம் கொடுத்தார்கள். கைத்திறனில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். குழந்தையும் பெற்றோரும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இலக்குகளில் மட்டும் இருகைப் பயிற்சி முந்தியது. அதே ஆண்டு பிரிஸ்பேனில் சர்க்கஸ் முகாம் போல நடத்திய 60 மணி நேர ஒப்பீட்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு படி போய், முழுநேர மாவுக்கட்டையும் பகுதிநேரக் கட்டையும் 118 குழந்தைகளிடம் ஒப்பிட்டது. கட்டின் வகையால் பலன் பெரிதாக மாறவில்லை. நான்கு வாரத்தில் 30 மணி நேரமா, 60 மணி நேரமா என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

ஆக, "எந்த முறை?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, குறிப்பிட்ட ஓர் இலக்கை எட்டவே 14 முதல் 25 மணி நேரம் தேவை. பொதுவான கைத்திறன் உயர 30 முதல் 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இப்போது நம்மூர் நடைமுறையைப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை 45 நிமிடம் என்றால் எட்டு வாரத்தில் 6 மணி நேரம். அதிலும் ஜூலை மழையில் லோக்கல் நிற்கும், ஒரு காய்ச்சல் வரும், நடுவில் யூனிட் டெஸ்ட். அதே நேரம் வீட்டில் தினம் அரைமணி, வாரம் 6 நாள், 12 வாரம் செய்தால் 36 மணி நேரம். ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனமோ, பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையோ, எங்கே போனாலும் தெரபிஸ்டின் நேரத்தை வீட்டில் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள். பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆச்சி என்றால், அங்கே இந்தியிலோ மராத்தியிலோ சொல்வதை மொபைலில் வீடியோவாக எடுத்து, ஆச்சிக்குத் தமிழில் விளக்கிவிடுங்கள்.

கையுறை: எளிது போலத் தோன்றும், எளிதல்ல

கையுறை உள்ளங்கைப் பக்கம் தடிப்பாக, விரல் மடங்காதபடி இருக்க வேண்டும். மெல்லிய சாக்ஸை மாட்டினால் அதற்குள்ளேயே பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள். மே மாத மும்பைப் புழுக்கத்தில் உள்ளே வியர்வை தேங்கி வேர்க்குரு வரும். பருத்தித் துணியில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை கழற்றி விரல் நிறத்தையும் தோலையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டியதில்லை, நான்கு அரைமணிகளாகப் பிரிக்கலாம்.

கையுறை போட்டபடி நடக்கவோ படி இறங்கவோ விடக் கூடாது. விழுந்தால் ஊன்றிக்கொள்ள இருந்த ஒரே நல்ல கையும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்த வேலை மட்டுமே.

அதிகம் நடக்கும் தவறு, கையுறையை மாட்டிவிட்டு டி.வி. முன் உட்கார வைப்பது. கட்டு பயிற்சி ஆகாது. பலவீனமான கை அந்த நேரம் முழுவதும் எடுத்து, வைத்து, தள்ளி, உருட்டி வேலை செய்தால்தான் அது கணக்கு. கடினமும் சரியாக இருக்க வேண்டும்: பத்து முறையில் ஏழெட்டு முறை ஜெயிக்கும் அளவு. கேரம் காயைத் தள்ளுவதில் தொடங்கலாம், பிறகு எடுத்து டப்பாவில் போடுவது, அதற்குப் பிறகு டப்பாவின் வாயைச் சிறிதாக்குவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சட்டைப் பொத்தான் போன்ற இருகை வேலையை இந்த நேரத்தில் கொடுத்தால் அழுகைதான் மிஞ்சும்.

இருகைப் பயிற்சி: மெனக்கெடல் பெற்றோருக்கு

இதில் கட்டு கிடையாது, அதனால் கண்காணிப்பு கூடுதல். "இடது கை, இடது கை!" என்று கத்திக்கொண்டே இருந்தால் சொன்னபோது மட்டும் வரும், அடுத்த நிமிடம் போய்விடும். வாயால் சொல்வதைக் குறைத்து, வேலையே அந்தக் கையைக் கூப்பிடும்படி அமைக்க வேண்டும்.

டிபன் டப்பாவை எடுத்துக்கொள்வோம். குழந்தை தரையில் உட்கார்ந்தால் டப்பாவைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளும், பலவீனமான கைக்கு வேலையே இல்லை. இடுப்பு உயர மேசை முன் நிற்க வையுங்கள், இடுக்க வழியிருக்காது. எவர்சில்வர் வழுக்கும். டப்பாவைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு, அடியில் ஈரத் துணி விரியுங்கள். மூடியை முதலில் லேசாக வைத்துவிட்டு, சில நாள் கழித்து இறுக்குங்கள். டப்பாவைக் குழந்தைக்கு முன்னால் படுக்க வைக்காமல், செங்குத்தாக நீட்டிக் கொடுங்கள். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துப் பிடிப்பது இந்தக் குழந்தைகளுக்கு வரும், கட்டைவிரல் மேலே பார்த்தபடி பிடிப்பதுதான் சிரமம், அதற்குத்தான் இந்தப் பழக்கம்.

மணிக்கட்டையும் கவனியுங்கள். விரல் மடக்கும் தசைகள் இறுகியிருப்பதால், மணிக்கட்டைக் கீழே மடக்கினால்தான் விரல்கள் திறக்கும். ஆனால் மடங்கிய மணிக்கட்டில் பிடி நிற்காது. பொருள் நழுவுவது பல நேரம் அதனால்தான், அசிரத்தையால் அல்ல. பொருளைத் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் தூக்கிக் காட்டினால் எட்டி எடுக்கும்போது மணிக்கட்டு நிமிரும்.

இரு கையும் ஒரே அளவு கெட்டிக்காரக் கையாக வேண்டியதில்லை. பலவீனமான கை பிடிக்கும் கை, நல்ல கை செய்யும் கை. ஸ்கேலை அமுக்கிப் பிடித்துக் கோடு போடுவது, பட்டாணி உரிப்பது, டபராவைப் பிடித்துக்கொண்டு ஆற்றுவது (காபி வேண்டாம், தண்ணீர் போதும்), ஜிப்பின் அடிநுனியைப் பிடித்து மேலே இழுப்பது எல்லாம் இந்த வகை. இலக்கு இரண்டு மூன்று போதும், அதில் ஒன்றாவது குழந்தையே கேட்டதாக இருக்கட்டும். பள்ளி பெல்ட்டைத் தானே மாட்ட வேண்டும் என்று ஏழு வயதுப் பையன் சொன்னால், ஓவியத்தை விட்டுவிட்டு பெல்ட்டையே பயிற்சியாக்குங்கள்.

யாருக்கு எது?

கைக்குழந்தைக்கு மென்மையான கையுறையும் பொம்மையும், தினம் அரைமணி. முழுநேரக் கட்டு வேண்டாம், நல்ல கையும் அந்த வயதில்தான் வளர்கிறது. இரண்டு முதல் நான்கு வயதில், கையை மறந்தே போன, சொன்னால் கேட்காத குழந்தைக்குக் கையுறை ஒரு நல்ல தொடக்கம். கையுறையைப் பார்த்தாலே அலறும் குழந்தையிடமும் விழுந்து எழும் குழந்தையிடமும் அதை வற்புறுத்த வேண்டாம். பள்ளி வயதுக்கு எங்கள் ஓட்டு இருகைப் பயிற்சிக்கே. பொத்தான், பை, ஸ்கேல் என்று அன்றாடம் கேட்பதெல்லாம் இருகை வேலைதான், கையுறையில் கற்றது தானாக அங்கே போய்ச் சேராது. நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஆய்வில், கடற்கொள்ளையர் விளையாட்டாக ஆறு வாரம் ஒருகைப் பயிற்சியும் அடுத்த இரண்டு வாரம் இருகைப் பயிற்சியும் கொடுத்துப் பலன் கண்டார்கள். மே விடுமுறைக்கு இந்த வரிசை பொருந்தும்.

தொடங்கும் நாளில் அந்த இரண்டு மூன்று வேலைகளையும் வீடியோ எடுத்து, குழந்தை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். எட்டாம் வாரம் அதே மேசை, அதே டப்பா, மறுபடி மதிப்பெண். இரண்டு மதிப்பெண் ஏறியிருந்தால் அதே வழியில் அடுத்த இலக்குக்குப் போகலாம். ஏறவில்லை என்றால் முறையை மாற்றுவதற்கு முன் மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நேரம் போதிய அளவு இருந்தும் மணிக்கட்டு முன்பைவிட இறுகியிருந்தால், அல்லது நிமிர்த்தும்போது வலித்தால், இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியோ, மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டோ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி போட்டால் இறுக்கம் தளர்ந்திருக்கும் அந்தச் சில மாதங்களில்தான் பயிற்சியைக் கூட்ட வேண்டும். ஊசியை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் கை பழைய நிலைக்கே திரும்பிவிடும்.