ஹாலுக்கு எத்தனை அங்குல விளக்கு? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

விளக்கின் அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய கணக்கு உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் கூட்டி, வரும் எண்ணை அப்படியே அங்குலமாக வைத்துக்கொண்டால், நடுவில் மாட்டும் விளக்கின் விட்டம் கிடைத்துவிடும். எங்கள் ஹால் 16க்கு 12 அடி. ஆக, 28 அங்குலம். ஆனால் நம் வீடுகளில் தளம் போடும்போதே நடுவில் கொக்கி விட்டு ஃபேன் மாட்டிவிடுகிறோமே!

ஃபேன் சுற்றும் வட்டமே 48 அங்குலம். அதற்கு மேலே விளக்கு வந்தால் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். நிழல் படபடவென்று ஆடும். கொஞ்ச நேரம் படித்தாலே கண் வலிக்கும். அதனால் ஒரே பெரிய விளக்கு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, 6 அங்குல வட்ட பேனல் லைட் நான்கு போட்டோம். ஒவ்வொன்றும் 12 வாட். குறுக்குச் சுவரிலிருந்து 4 அடி, நெடுஞ்சுவரிலிருந்து 3 அடி தள்ளி வைத்தால், ஒவ்வொரு விளக்கும் ஃபேனின் மையத்திலிருந்து சரியாக 5 அடியில் அமைகிறது. இறக்கை நுனிக்கும் விளக்குக்கும் 3 அடி இடைவெளி. எதிர்ச் சுவரின் மேல்பகுதியை உற்றுப் பார்த்தால் மட்டும் லேசான நிழலாட்டம் தெரியும். உட்கார்ந்து படிப்பவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இந்த வீட்டில் நாங்கள் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விட்டம் பெரிதாக இருந்தால் வெளிச்சமும் கூடும் என்று நினைக்க வேண்டாம். பெட்டியில் லூமன், அதாவது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். நல்ல எல்இடி வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு வேறு கணக்கு. மேசையின் அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கலாம். எங்கள் மேசை 36 அங்குல அகலம், விளக்கு 18. மேசைப் பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில் தொங்கினால் எதிரில் இருப்பவர் முகம் மறையாது. வாங்கும் முன் அதே அளவில் அட்டையை வட்டமாக வெட்டி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். அங்கே ஃபேனைச் சுவருக்கு மாற்ற வேண்டியிருந்தது, அது கூடுதல் செலவுதான். உலோக மூடி என்பதால் தாளிப்புப் புகையில் படியும் பிசுக்கைத் துணியால் துடைத்துவிடலாம்.

சமையலறையில் நடு விளக்கு எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை, நம் முதுகு மறைத்து மேடையில் நிழல்தான் விழும். மேல் அலமாரிக்கு அடியில் மெல்லிய பட்டை விளக்கு ஒன்று போதும்.

இன்னொன்று, வருடங்கள் கழித்துத்தான் தெரிகிறது. ஹாலில் ஒரு பேனல் எரியாமல் போனது. அதே நிறுவனத்தில் அதே 6 அங்குலம் என்று வாங்கி வந்தால், புது மாடல் பழைய ஓட்டையில் நுழையவில்லை. வெளிவட்டத்தின் அளவு வேறு, சீலிங்கில் வெட்டும் கட்-அவுட் அளவு வேறு. மாடலுக்கு மாடல் மாறுகிறது. எலக்ட்ரீஷியன் ஓட்டையைப் பெரிதாக்கி மாட்டிக் கொடுத்தார். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் ஒரே மாடலில் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். கட்-அவுட் அளவை மில்லிமீட்டரில் எழுதி மெயின் போர்டு கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.