ஓப்பன் ரெயில்ஸ் டைம்டேபிள் மோடு: ஏஐ ட்ராஃபிக்குக்காகவே இத ஆடலாம்

ரயில் சிமுலேட்டர்னா இன்ஜின் சவுண்டு, கேப் மீட்டர், பிரேக் எப்படி பிடிக்குதுன்னு பக்கம் பக்கமா எழுதுவாங்க, பக்கத்து லைன்ல கம்ப்யூட்டரே ஓட்டுற வண்டிய, அதாவது ஏஐ ட்ராஃபிக்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க. எனக்கு முக்கியமே அதுதான். நான் லேட்டானா அந்த வண்டியும் லேட்டாகணும், அது லேட்டானா நான் சிக்னல்ல நிக்கணும், இல்லேன்னா எவ்ளோ அழகான ரூட்டா இருந்தாலும் காலி லைன்ல தனியா ஓட்டுற ஃபீல்தான். இந்த ஒரு விஷயத்துல ஓப்பன் ரெயில்ஸ்தான் என் சாய்ஸ்.

தெரியாதவங்களுக்கு, இது ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ். 2001ல வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்குச் செஞ்ச ரூட்டு, இன்ஜின், பெட்டி எல்லாம் இதுல ஓடும். அந்தப் பழைய கேம்ல ட்ராஃபிக்னா ஆக்டிவிட்டி (நாம ஓட்டறதுக்குன்னு முன்கூட்டியே எழுதி வெச்ச காட்சி) எழுதுனவர் வெச்ச வண்டிங்கதான், நம்ம வண்டி ஹீரோ, மத்ததெல்லாம் துணை நடிகர்கள். ஓப்பன் ரெயில்ஸ்லயும் ஆக்டிவிட்டி உண்டு, ஆனா டைம்டேபிள் மோடுல ஹீரோவே கிடையாது. ஸ்ப்ரெட்ஷீட் மாதிரி ஒரு ஃபைல், ஒரு நெடுவரிசைக்கு ஒரு வண்டி, ஒரு வரிசைக்கு ஒரு ஸ்டேஷன், கட்டத்துல வர்ற நேரம் போற நேரம், அவ்ளோதான். லிஸ்ட்ல எந்த வண்டிய வேணாலும் நீங்க எடுத்துக்கலாம், மீதிய கம்ப்யூட்டர் ஓட்டும். நீங்க எடுத்தது 10:20 வண்டின்னா அதுக்கு முன்னாடி கிளம்பியிருக்க வேண்டியதையெல்லாம் லோடிங்லயே ஓட்டி முடிச்சு அந்த நேரத்துக்கு எங்க இருக்கணுமோ அங்க கொண்டுவந்து வெச்சிடும். பெரிய டைம்டேபிள்ல ராத்திரி வண்டிய எடுத்தா இந்த லோடிங் நல்லாவே இழுக்கும், பொறுமையா இருங்க.

இதோட அருமை தெரியணும்னா சிங்கிள் லைன் ரூட்டுல ஒரு கூட்ஸ் வண்டிய எடுங்க. லூப்ல (மெயின் லைன்லேருந்து பிரிஞ்சு திரும்ப சேர்ற ஒதுங்கு லைன்) உள்ள வாங்கி நிறுத்தியாச்சு, கிளம்பறதுக்கான ஸ்டார்ட்டர் சிக்னல் சிகப்பு, எதிர் எக்ஸ்பிரஸ் வந்தாதான் நகர முடியும். எல்லா வண்டி நிலைமையையும் காட்டற டிஸ்பாட்சர் தகவல் பக்கத்த திறந்தா அந்த எக்ஸ்பிரஸ் எங்க இருக்கு, எவ்ளோ லேட்டு, எந்த சிக்னல் வரைக்கும் அதுக்கு வழி கிடைச்சிருக்குன்னு வரிசையா தெரியும். அதுவும் வேற எங்கயோ வேற ஒரு வண்டிக்காக நின்னுதான் லேட்டாகியிருக்கும்! அப்புறம் தூரத்துல ஹெட்லைட், மெயின் லைன்ல சர்ருனு தாண்டிப் போகும், கடைசிப் பெட்டி பாயிண்ட்ட (லைன் பிரியற இடம்) கிளியர் பண்ணதுக்கு அப்புறம்தான் நம்ம சிக்னல் மாறும். யாரோ ஸ்கிரிப்ட் எழுதி வெச்ச சீன் இல்ல இது, ரெண்டு வண்டியும் ஒரே ட்ராக்க கேட்டதால தானா நடந்தது. நாம அந்த லூப்புக்கே லேட்டா வந்திருந்தா காத்திருக்கறது எக்ஸ்பிரஸா இருந்திருக்கும்.

இன்னொண்ணு, வண்டிய வண்டியோட கோக்கறது. கடைசி ஸ்டேஷன்ல வந்து நிக்கற அதே பெட்டித் தொடரே திரும்பிப் போற வண்டியா மாறணும்னு ஃபைல்ல ஒரு வரி எழுதிட்டா போதும், வர்றது லேட்டுன்னா திரும்பறதும் லேட்டு. கனெக்‌ஷன் வண்டிக்காகக் காத்திருக்கணும், ஆனா இத்தன நிமிஷத்துக்கு மேல அது லேட்னா விட்டுட்டுக் கிளம்பணும்னு கூட சொல்லலாம். ட்ராஃபிக் கன்ட்ரோல்ல ஆர்வம் இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஏஐ வண்டிக்கு நம்ம வண்டி அளவுக்கு முழு ஃபிசிக்ஸ் கிடையாது, வேகம் எடுக்கறதும் பிரேக் போடறதும் எளிமையான கணக்குதான், அதனால வெளிய நின்னு பாத்தா கனமான கூட்ஸ் கூட கொஞ்சம் லேசா நிக்கற மாதிரி தோணும். அதவிடப் பெரிய தலைவலி பாத் (path). ஏஐ தனக்கு எழுதிக் குடுத்த வழியிலதான் போகும், லூப்ல ஒதுங்கற மாற்று வழிய பாத்லயே போடாம விட்டா ரெண்டு வண்டி மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு பின்னாடி வர்றதெல்லாம் அடுக்கிக்கும். சிக்னல் சரியா வெக்காத ரூட்டுலயும் இதே கதிதான். ஃபைல்ல தப்பு இருந்தா லாக் ஃபைல்ல போய் தேடணும், கைபிடிச்சு சொல்லிக் குடுக்காது.

ட்ரெய்ன்ஸ் (Trainz)ங்கற இன்னொரு சிமுலேட்டர்ல ஏஐ டிரைவருக்கு இங்க போ, லோடு ஏத்து, பெட்டிய மாட்டுன்னு கட்டளைய வரிசையா குடுக்கலாம், ஃபேக்டரி சைடிங் மாதிரி வேலைக்கு அது ரொம்ப நல்லா இருக்கும். ட்ரெயின் சிம் வேர்ல்டுல பிளாட்ஃபாரத்துல நடந்துபோய் வர்ற ஏஐ வண்டியில பயணியா ஏறி உக்காரலாம், கிராஃபிக்ஸும் எங்கயோ மேல. அந்த அழகுதான் வேணும்னா தாராளமா அங்க போங்க. டைம்டேபிள நானே போட்டு நானே அதுல மாட்டிக்கணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் ஓப்பன் ரெயில்ஸ்.

புதுசா ஆரம்பிக்கறவங்க மொதல்லயே பெரிய ஜங்ஷன் பக்கம் போகாதீங்க. நடுவுல ஒரு லூப் இருக்கற சின்ன சிங்கிள் லைன், எதிரும் புதிருமா ரெண்டு பாசஞ்சர், ஒரு கூட்ஸ், இத மட்டும் எழுதி எந்த வண்டியும் மாட்டாம ஓடுதான்னு டிஸ்பாட்சர் தகவல் பக்கத்துல பாருங்க. ஓடுச்சுன்னா அப்புறம் எக்ஸ்பிரஸ சேருங்க, அதையும் கூட்ஸ் பின்னாடியே கிளம்பற மாதிரி போடுங்க, கூட்ஸ நீங்க ஓட்டுங்க.