புவிசார் குறியீட்டுச் சான்றிதழ் வாங்கித் தருவதாக வருவோர் குறித்துத் தறிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பவானியில் ஜமக்காளம் நெய்யும் குடும்பங்களை வீடு தேடி வந்து, புவிசார் குறியீட்டுச் சான்றிதழ் (ஒரு பொருள் இன்ன ஊருக்கே உரியது என்று காட்டும் ஜிஐ பதிவு) பெற்றுத் தருவதாகக் கூறி, தலைக்கு 12,000 ரூபாய் வசூலித்துச் சென்ற ஓர் ஆலோசனை நிறுவனத்தால் எங்கள் தெருவில் பலரும் ஏமாற்றப்பட்டிருக்கிறோம். இதே ஆட்கள் இப்போது வேறு ஊர்களிலும் பேசி வருவதாகத் தெரிவதால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், அதில் பாதி உண்மை என்பதுதான். விசைத்தறியில் ஓட்டிய சோலாப்பூர்ச் சரக்கு பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே கடைகளில் விற்கப்படுவது இங்கே எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும், பவானி ஜமக்காளத்துக்கு எப்போதோ கிடைத்துவிட்ட புவிசார் குறியீடும் அந்த விற்பனையை நிறுத்தவில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக, அதாவது அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த உரிமை பெற்ற உற்பத்தியாளராகப் பெயர் பதிந்தால்தான் போலிச் சரக்கின் மீது நீங்களே நடவடிக்கை கோர முடியும் என்றார்கள். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீடுகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வதும் அதுவே.

மீதிப் பாதிதான் மோசடி. அந்தப் பதிவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2020ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் 500 ரூபாயிலிருந்து வெறும் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஜிஐ-3 என்னும் படிவத்தில், தாம் உற்பத்தியாளர் என்பதற்கான விவரத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்து, சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு நெசவாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பதிவகத்தின் இதழில் வெளியாகி, ஆட்சேபிக்க மூன்று மாத அவகாசம் கழிந்த பிறகே பெயர் பதிவேட்டின் ‘பி’ பகுதியில் ஏறும். ஆகவே ஒரே மாதத்தில் சான்றிதழ் என்று எவர் சொன்னாலும் அது பொய்.

எங்கள் கைக்கு வந்தவை இரண்டு தாள்கள். ஒன்று, முத்திரைத்தாளில் அடித்த ‘குறியீட்டுப் பயன்பாட்டு உரிம ஒப்பந்தம்’. புவிசார் குறியீட்டை உரிமம் கொடுக்கவோ, விற்கவோ, அடகு வைக்கவோ கூடாது என்று 24ஆம் பிரிவு தடுத்திருக்கும்போது, அந்தத் தாளுக்குப் பழைய காகித விலைதான். மற்றொன்று, அரசு முத்திரையோடு மிடுக்காக இருந்த ரசீது. அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டியபோது, அது புவிசார் குறியீட்டுக்கானதே அல்ல, வணிக முத்திரைக்கான (டிரேட்மார்க்) விண்ணப்ப ரசீது என்றும், தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் அதற்குக் கட்டணம் 4,500 ரூபாய் என்றும் தெரிந்தது. ஊர்ப்பெயரே முதன்மையாக உள்ள குறி என்பதால் அதற்கும் ஆட்சேபணை அறிக்கை வந்துவிட்டது. போதாக்குறைக்கு, புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கென 2018இல் மத்திய அரசு வெளியிட்ட பொதுச் சின்னத்தை அச்சடித்த ஒட்டுவில்லைகளையும் கட்டுக்கட்டாகக் கொடுத்திருந்தார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அதைச் சரக்கில் ஒட்டினால் வம்பு நமக்குத்தான் என்பதால், ஒருவரும் ஒட்ட வேண்டாம் என்று தடுத்துவிட்டோம்.

எவரேனும் உங்களிடம் தாளை நீட்டினால், அதை வழங்கியது வணிக முத்திரைப் பதிவகமா, புவிசார் குறியீட்டுப் பதிவகமா என்பதை முதலில் பாருங்கள். பிறகு அதிலுள்ள எண்ணைப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். உதவிக்குக் கூலி கேட்பது குற்றமல்ல, படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு அது தேவையும்கூட. ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, தம் கூலி எவ்வளவு என்று தனித்தனியே எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சேவை முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரிப் பதிலே வந்தது. ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட ஆவணங்களைத் திரட்டி வருகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே புகார்க் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். இதே போலப் பணம் கட்டியவர்கள் ரசீதையும், பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.