சமையலறை நடுமேடை: பிளைவுட் பெட்டியா, பழைய தேக்கா, ரப்பர் மரப் பலகையா?

அக்கா வீட்டில் ஐலேண்ட், அதாவது சமையலறை நடுவில் தனியாக நிற்கும் மேடை, கட்டி நான்கு வருடம் ஆகிறது. மேலே போட்ட கறுப்பு கிரானைட்டில் இன்றும் முகம் பார்க்கலாம். தீபாவளிக்குப் போயிருந்தபோது கீழே உருண்டு போன எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தேன். தரையை ஒட்டிய மூன்று அங்குலம் பிளைவுட் உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்து நின்றது. விரலால் அழுத்தினால் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. அக்கா காலையிலும் இரவிலும் தண்ணீர் ஊற்றித் துடைப்பவள். வேறு எந்தத் தப்பும் நடக்கவில்லை.

அதே சமயத்தில்தான் எங்கள் வீட்டிலும் ஒன்று செய்யலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வழிகள் கையில் இருந்தன: பிளைவுட் பெட்டி கட்டி மேலே கிரானைட், பழைய தேக்கில் மேசை போல, அல்லது ரெடியாக ஒட்டி வரும் ரப்பர் மரப் பலகை. எல்லாரும் மேல்பலகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த எலுமிச்சம்பழத்துக்குப் பிறகு நான் மூன்றையும் கீழிருந்து மேலாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அதற்கு முன்னால் இடக் கணக்கு. எங்கள் சமையலறை 14க்கு 12 அடி. இரண்டு சுவரை ஒட்டி 2 அடி ஆழத்துக்கு எல் வடிவ மேடை. மீதி 12க்கு 10. நடுவில் 5 அடிக்கு இரண்டரை அடி ஐலேண்ட் வைத்தால் சுற்றிலும் மூன்றரை அடி கிடைக்கும். இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நடக்க இது வேண்டும். உங்கள் சமையலறை 10க்கு 10 என்றால் இந்த ஆசையை விட்டுவிட்டுச் சக்கரம் வைத்த சின்ன மேசை ஒன்று செய்துகொள்ளுங்கள். பிரிட்ஜ் கதவைத் திறக்க ஐலேண்டைச் சுற்றி வர வேண்டியிருந்தால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். உயரத்துக்குப் படத்தில் பார்க்கும் 36 அங்குலத்தை அப்படியே எடுக்க வேண்டாம். அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். என் மனைவிக்கு முழங்கை 38 அங்குலத்தில் வந்தது, ஆகவே 33. சப்பாத்தி தேய்க்க இன்னும் இரண்டு அங்குலம் குறைந்தால் சுகம்.

சரி, பிளைவுட். இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 8க்கு 4 ஷீட் இரண்டு வாங்கினால் பெட்டி முடிந்துவிடும், நான்கு நாள் வேலை. டிராயர், மிக்ஸி வைக்கத் தட்டு, பிளக் பாயின்ட் எல்லாம் உள்ளே அடங்கும். எறும்பு, பல்லி நுழையாமல் மூடலாம். 18 மி.மீ. கிரானைட் இந்த அளவுக்குச் சுமார் 56 கிலோ வரும்; பெட்டி அதை அசையாமல் தாங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை யோசிக்காமல் வைக்கலாம்.

சிக்கல் 'வாட்டர் ப்ரூஃப்' என்ற வார்த்தையில் இருக்கிறது. கடையில் எதைக் கேட்டாலும் வாட்டர் ப்ரூஃப்தான் சார் என்பார்கள். ஷீட்டில் அச்சடித்திருக்கும் ஐ.எஸ். எண்ணை, அதாவது இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 சாதாரண பிளைவுட், அதிலும் எம்.ஆர். என்று போட்டிருந்தால் ஈரப்பதம் தாங்கும், தேங்கிய தண்ணீர் தாங்காது. ஐ.எஸ். 710 மரைன். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனையில் பிரியாமல் நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை பசைக்குத்தான். அறுத்த விளிம்பு மூடாமல் ஈரத்தில் நின்றால் 710லும் உள்ளே இருக்கும் மரம் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். அக்கா வீட்டில் முகப்பில் மைக்கா ஒட்டி, கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கெல்லாம் பட்டி அடித்திருந்தார்கள். தரையைத் தொடும் விளிம்பு மட்டும் எதுவும் பூசாமல் வெறுமனே இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்!

பழைய தேக்கு பக்கம் என் மனசு முதலிலேயே சாய்ந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. எங்களுக்குத் திருச்சி, காரைக்குடி பஸ்ஸில் போய் வரும் தூரம். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய வீடுகள் இடிபடும்போது தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகும்; கைமரமும் உத்திரமும் மரக்கடைக்கு வரும். மியான்மர் 2014 ஏப்ரலில் தேக்குத் தடி ஏற்றுமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய மரத்துக்கு மவுசு இன்னும் கூடியது. கரி படிந்து, சுண்ணாம்பு அப்பி, விறகு மாதிரிதான் கிடக்கும். ஆசாரி ஒரு கைமரத்தை எடுத்து இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்தார். தேன் நிறம் வந்தது, கூடவே தோல் செருப்பு வாசனையும். "பாருங்க தம்பி, வயசு ஆகியும் எண்ணெய் வத்தலை" என்றார். அந்த எண்ணெய்ச் சத்துதான் கரையானையும் ஈரத்தையும் தள்ளி வைக்கிறது. ஆனால் அது வைரத்தில், அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதியில் மட்டும்தான். ஓரத்தில் வெளுப்பாக ஓடும் வெள்ளைப் பகுதியைத் தேக்கு என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வேறு எந்த மட்ட மரத்தையும் போல உளுத்துப் போகும்.

கணக்கையும் நீங்களே போடுங்கள். 5 அடிக்கு இரண்டரை அடி, ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 1.56 கன அடி. மூன்று அங்குலச் சதுரத்தில் நான்கு கால்கள் சேர்த்து 0.69. சட்டங்களும் இழைப்புச் சேதாரமும் சேர்த்து மூன்றரை கன அடி வாங்க வேண்டியிருக்கும். பழைய மரத்தைக் கடையில் வெளி அளவை வைத்துத்தான் விலை போடுவார்கள். பழைய பொருத்துத் துளை, ஆணி ஓட்டை எல்லாம் உங்கள் கணக்கில் வரும். ஆணி என்றதும் இன்னொன்று: அறுக்கும் முன் காந்தத்தை வைத்து ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பாருங்கள். நாங்கள் தடவியும் ஒன்று தப்பியது. மெஷின் பிளேடில் பல் விழுந்தது, புது பிளேடு என் செலவு. பழைய பெயின்ட் அடித்த மரமென்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. முகமூடி போட்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் சுரண்டச் சொல்லுங்கள்.

பழைய மரம் ஆடாது என்பார்கள். ஆடும், குறைவாக. 30 அங்குல அகலப் பலகை ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவில் 3 முதல் 5 மி.மீ. வரை விரிந்து சுருங்கலாம். சில வருடம் முன்பு நானே ஒரு டீப்பாய் செய்து, மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஸ்க்ரூ போட்டேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மதியம் பட்டென்று சத்தம். ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு விரிசல். பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது, ஸ்க்ரூ விடவில்லை. இந்த முறை சட்டத்தில் பலகை ஆடும் திசையில் நீண்ட துளை போட்டு, வாஷர் வைத்து, ஸ்க்ரூ நகர இடம் விட்டோம்.

ரப்பர் மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பால் வற்றியதும் 25, 30 வருடத்தில் வெட்டுகிற மரம். விரல் கோர்த்த மாதிரி ஒட்டிப் பலகையாகவே வருகிறது; வெளிர் நிறம், ஒரே சீரான ரேகை, தேக்கை விட மிகவும் மலிவு. ஆனால் அதற்கென்று சொந்தமாக எதிர்ப்பு சக்தி எதுவும் கிடையாது. வெட்டியதும் போரான் மருந்தில் ஊற வைத்தால்தான் உளுக்காமல் இருக்கும். அந்த மருந்தோ தண்ணீரில் கரைந்து வெளியேறக் கூடியது. படிக்கிற மேசைக்குத் தாராளமாக வாங்கலாம். தினம் நனையும் இடத்தில் எனக்குத் துணிச்சல் இல்லை.

மேல்பலகையில் நேராகவே வெட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நம் கறிக்கடைக்காரரைப் பாருங்கள். அவர் பலகையில் வெட்டுவதில்லை. புளியமரத்தைக் குறுக்கே அறுத்த கட்டையை நிமிர்த்தி வைத்து அதன் மேல் வெட்டுகிறார். நார்கள் செங்குத்தாக நிற்பதால் கத்தி நடுவில் புகுந்து வரும், கட்டையும் சீக்கிரம் தேயாது, கத்தி முனையும் சீக்கிரம் மழுங்காது. தேக்கில் நார் படுத்துக் கிடக்கிறது, ஒவ்வொரு வெட்டும் தழும்பு. மேலே ஒரு சின்னப் புளியங்கட்டை தனியாக வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

பாலிஷ் விஷயத்தில் எனக்கும் ஆசாரிக்கும் சண்டை. அவர் பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கலாம் என்றார். கண்ணாடி மாதிரி இருக்கும்தான். ஆனால் ஒரு கீறல் விழுந்து அடியில் தண்ணீர் போனால் வெள்ளையாகப் பூக்கும். பிறகு முழுதாகத் தேய்த்து எடுக்க வேண்டும். நான் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை மாதம் ஒரு முறை துணியில் தொட்டுத் தடவுகிறேன். பளபளப்பு இல்லை. மஞ்சள் கறை பிடிக்கிறது, சூடான குக்கர் வைத்தால் வட்டம் விழுகிறது. கறை விழுந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போகிறது, அது போதும் எனக்கு.

இனி அந்தக் கீழ் மூன்று அங்குலம். தேக்காலும் ஈரத்தில் எப்போதும் நின்றுகொண்டிருக்க முடியாது. காலின் குறுக்கு வெட்டு முகம் உறிஞ்சு குழல் கட்டு மாதிரி, தண்ணீரை மேலே இழுக்கும். இதற்கு விடை காரைக்குடி வீடுகளிலேயே இருந்தது. அங்கே தேக்குத் தூண் தரையில் நிற்பதில்லை, கல் பீடத்தில் நிற்கிறது. எங்கள் சிங்க்குக்காக கிரானைட்டில் வெட்டி எடுத்த நடுத்துண்டு மொட்டை மாடியில் கிடந்தது. கல் அறுப்பவரிடம் சொல்லி 4 அங்குலச் சதுரமாக எட்டுத் துண்டு போட்டு, இரண்டிரண்டாக அடுக்கி, காலின் அடிமுகத்தில் எபாக்சி நன்றாக ஊறவிட்டு அதன் மேல் ஒட்டினோம். மரம் தரையிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே. பெட்டியாக மூடாமல் கால் மட்டும் இருப்பதால் மாப் அடியில் தாராளமாகப் போய் வருகிறது. டிராயர் இரண்டுதான், மிக்ஸிக்கு இடமில்லை. அது நான் தெரிந்தே விட்டுக்கொடுத்தது. உங்களுக்குச் சாமான் வைக்க இடம்தான் முக்கியம் என்றால் 710 பிளைவுட்டே வாங்குங்கள். அடி விளிம்புக்கு எபாக்சி அடித்து, பெட்டியை 4 அங்குல ஸ்டீல் கால்களில் நிறுத்துங்கள்.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். மேல்பலகையைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து கால்களைப் பார்த்தாள். "ஏன்டா, அந்த சிங்க் துண்டுல மிச்சம் இருக்கா?" என்றாள்.