காக்கியிலிருந்து டெல்லிக்கு: ஷிண்டேயும் சத்யபால் சிங்கும்

இருவருமே மகாராஷ்டிர போலீஸில் இருந்தவர்கள். ஆனால் ஏறிய படிகள் வேறு.

சுஷீல்குமார் ஷிண்டே சோலாப்பூர் நீதிமன்றத்தில் கடைநிலை ஊழியர். படித்து சப்-இன்ஸ்பெக்டர் ஆனார், சிஐடியில் வேலை பார்த்தார். முப்பது வயதை ஒட்டி வேலையை விட்டுவிட்டு காங்கிரஸில் சேர்ந்தார். 1974 இடைத்தேர்தலில் சட்டமன்றம் போனார். அப்புறம் மாநில அமைச்சர், 2003இல் முதல்வர், ஆந்திர ஆளுநர், மத்திய மின்துறை அமைச்சர். 2012 ஜூலை 31 அன்று மின்சாரம் போய் வட இந்தியாவே இருட்டில் கிடந்தது. அதே நாளில்தான் அவருக்கு உள்துறை கிடைத்தது. அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனாலும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நாட்டின் உள்துறை அமைச்சர் ஆனது சாதாரண விஷயமில்லை.

சத்யபால் சிங் 1980 பேட்ச் ஐபிஎஸ், மும்பை கமிஷனர். 2014 ஜனவரியில் ராஜினாமா, அடுத்த மாதம் பாஜக, மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் எம்.பி. தோற்றவர் முன்னாள் பிரதமர் சரண் சிங்கின் மகன் அஜித் சிங். 2017இல் மனிதவள இணை அமைச்சர். டார்வின் கோட்பாடு தவறு என்று அவர் பேசியதுதான் அதிகம் நினைவிருக்கிறது.

என் ஓட்டு ஷிண்டேயின் வழிக்கே. கமிஷனர் நாற்காலியிலிருந்து நேராக வேட்பாளராவதில், பதவியில் இருந்தபோது எடுத்த முடிவுகள் மீதும் சந்தேகம் விழுகிறது. சாதாரண அதிகாரியாக விலகிய ஷிண்டே, நாற்பது வருடம் ஓட்டுக் கேட்டே வளர்ந்தார். 2014இல் சோலாப்பூர் அவரைத் தோற்கடிக்கவும் செய்தது.