சூப்பர்சார்ஜருக்கு முன்: வார்ப்பு பிஸ்டனா, ஃபோர்ஜ்டு பிஸ்டனா?

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரை மாட்டும் முன் பிஸ்டனை மாற்ற வேண்டுமா? டாட்ஜ் சேலஞ்சர் காரின் 6.4 லிட்டர் ஹெமி எஞ்சினில் கம்பெனியே போட்டது வார்ப்பு பிஸ்டன் (உருக்கி அச்சில் ஊற்றியது), கம்ப்ரெஷன் (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதம்) 10.9:1. அதே டாட்ஜ், சூப்பர்சார்ஜரோடு விற்ற ஹெல்கேட் மாடலில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் (உலோகத்தை அழுத்தி உருவாக்கியது) வைத்து, கம்ப்ரெஷனை 9.5:1 ஆக இறக்கியது. சூப்பர்சார்ஜருக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன்தான் பொருத்தம் என்பதற்கு எனக்கு இதுவே பெரிய சாட்சி.

வார்ப்பு பிஸ்டனில் சிலிக்கான் அதிகம். சூட்டில் அவ்வளவாக விரியாது, அதனால் சிலிண்டரோடு நெருக்கமாகப் பொருந்தி சத்தமில்லாமல் ஓடும். ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறும்போது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங் கூடுதலாகச் சூடாகி நீள்கிறது. ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி போதாவிட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு, ரிங்கைத் தாங்கும் விளிம்பையே பிய்த்துவிடும். நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது போல் எரிவது) வந்தாலும் பெரும்பாலும் முதலில் உடைவது அந்த விளிம்புதான்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் அந்த அடியை நன்றாகவே தாங்கும். ரிங் இடைவெளியையும் பூஸ்டுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். அதிகம் விரிவதால் சிலிண்டரில் கொஞ்சம் கூடுதல் இடம் விட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டல் சத்தம் கேட்கும். பிரித்துக் கட்டும் செலவு வேறு.

குறைந்த பூஸ்ட், கவனமான டியூனிங், நல்ல பெட்ரோல் என்று நிறுத்திக்கொள்வீர்களா? சரி, உள்ளே கைவைக்க வேண்டாம். அப்புறம் சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்றி பூஸ்டை ஏற்றும் சின்ன புல்லி மாட்டும் ஆசை இருந்தால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.