ஹீட் பம்ப் வெந்நீர்: வைத்து மூன்று மழைக்காலம் ஆன பிறகு

போன வாரம்தான் எங்கள் ஹீட் பம்ப் வெந்நீர் மிஷினுக்குக் கண்ட்ரோல் போர்டை மாற்றிவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலமே கல்லிடைக்குறிச்சி நண்பர் போனில் கேட்டார்: "வே, உம்ம வீட்டு வெந்நீர் மிஷின் எப்படி? அம்மாவுக்கு முட்டுவலி, காலையில வெந்நீர் இல்லாம முடியல. வாங்கலாமா வேண்டாமா, ஒத்த வார்த்தையில சொல்லும்." ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. ஆச்சி, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். 200 லிட்டர் டேங்க். 2023 ஆனியில் வைத்தோம். அதற்கு முன்னால் இரண்டு குளியலறையிலும் கீசர் இருந்தது. இரண்டும் சேர்ந்து நாளுக்கு நாலு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். இந்த ஹீட் பம்ப் ஒன்றரை யூனிட்டைத் தாண்டுவதில்லை. தனி மீட்டர் மாட்டி, முதல் வருடம் முழுக்க நோட்டில் எழுதி வைத்துப் பார்த்த கணக்கு இது.

நம் ஊர் வெயிலுக்கென்றே செய்த பொருள் மாதிரி இருக்கிறது. காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிற வேலைதானே இதற்கு? 36 டிகிரிக் காற்றிலிருந்து எடுத்து 50 டிகிரிக்கு ஏற்றுவது கம்ப்ரசருக்குப் பெரிய ஏற்றம் இல்லை. பனி பெய்கிற நாடுகளில் உறைகிற காற்றிலிருந்து சூட்டைப் பிடுங்க வேண்டியிருக்கிறது, அதனால் அங்கே அடிக்கடி ஐஸ் கட்டி நின்று நின்று ஓடுகிறது. நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் பலர் கீசர் பழக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்கு ஓட விடுகிறார்கள். நான் மதியம் ஒன்றரைக்கு டைமர் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் காற்றும் சூடு, மாடித் தொட்டித் தண்ணீரும் பாதிச் சூடு. இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆச்சி குழாயைத் திறந்தால் மூன்று நாலு டிகிரிதான் இறங்கியிருக்கும்.

சூட்டை 60-இல் வைக்காதீர்கள். 50 போதும். ஏற்றம் கூடக் கூடக் கம்ப்ரசர் முக்கும், யூனிட்டும் கூடும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 60 வரை ஏற்ற வேண்டும். வெதுவெதுப்பாகவே தேங்கிக் கிடக்கிற தண்ணீரில் கிருமி வளரும். நாங்கள் வியாழக்கிழமை மதியம் ஏற்றிவிடுவோம். வெள்ளியும் சனியும் எண்ணெய்க் குளியல், சீயக்காய் போக நல்ல சூடு வேண்டும், அதற்கும் ஆயிற்று.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. சூட்டை எடுத்துக்கொண்டபின் மிஷின் வெளியே விடுகிற காற்று சில்லென்று இருக்கும். முதலில் அது வீணாகப் புறவாசலில் போய்க்கொண்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் ஓட்டை போட்டு, ஒரு குழாய் வைத்து அடுக்களைக்குள் திருப்பினேன். போன சித்திரையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். மிஷினுக்குள் போகிற காற்று 36 டிகிரி, குழாய் வழியே வருவது 28. மதியம் சமையல் முடித்து, ஆச்சி அந்தக் குழாய்க்கு நேர் கீழே பாயை விரித்துப் படுப்பாள். நரைத்த முடி நெற்றியில் லேசாகப் பறக்கும். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். ஐம்பது வருடம் புறவாசல் அடுப்பில் பனைமட்டை தள்ளி, புகையில் கண் எரிய அண்டாவில் வெந்நீர் போட்டவள் அவள். வெந்நீர் காய்கிற நேரத்தில் அவளுக்குக் குளிர்காற்று கிடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். மார்கழிக் கூதலில் மட்டும் குழாயை வெளிப்பக்கம் திருப்பிவிடுவோம். மிஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தினம் ஒரு செம்பு சேரும், அது கறிவேப்பிலைக்கு.

பராமரிப்பில் இரண்டே விஷயம். ஆடிக் காற்றில் தூசி வந்து, மிஷின் காற்றை இழுக்கிற வலையை அடைக்கும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கழற்றி அலச வேண்டும். இன்னொன்று, டேங்குக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி. டேங்க் அரிக்காமல் இருக்கத் தன்னையே அரிக்கக் கொடுக்கிற கம்பி அது. ஆற்றுத் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டில் நெடுநாள் வரும். எங்கள் வீட்டில் போர் தண்ணீரும் கலக்கும். இரண்டாம் வருடமே திறந்து பார்த்தால், பெருவிரல் கனம் இருந்தது பென்சில் கணக்காகத் தேய்ந்து, அங்கங்கே வெள்ளைப் பொருக்கு தட்டியிருந்தது. புதுசு போட்டோம். போர் தண்ணீர்க்காரர்கள் இதை விடவே கூடாது.

சரி, இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இந்த மிஷினுக்குள் கூடவே ஒரு 2 கிலோவாட் ஹீட்டர் காயிலும் இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தது. நான் அதை அணைத்து, சூட்டை 50-இல் வைத்து, டைமரும் போட்டு வைப்பேன். ஒரு தடவை கரண்டு போய் வந்தால் போதும், எல்லாம் அழிந்துவிடும். சூடு 60-க்குப் போகும், டைமர் போய்விடும், ஹீட்டர் காயில் தானே எரிய ஆரம்பிக்கும். ஹீட் பம்ப் என்று காசு கொடுத்து வாங்கியது பழைய கீசராக மாறி நிற்கும். திரையின் மூலையில் கடுகளவு ஒரு சுருள் அடையாளம், அவ்வளவுதான் அறிகுறி.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் கரண்டு இல்லை. அந்த இருட்டில் டேங்கில் மிச்சம் இருந்த வெந்நீர் இரண்டு நாள் எங்களைக் காப்பாற்றியது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்ததால் மேலிருந்து இறங்கி அழுத்தமும் கிடைத்தது. நனைந்து வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில்தான் குளிக்க ஊற்றினோம். அந்த இரண்டு நாளுக்காகவே இந்த மிஷினைக் கும்பிடலாம் என்று தோன்றியது. அப்புறம் கரண்டு வந்தது. சேறு கழுவுகிற வேலையில் யார் போய்ச் சுருள் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்? மூன்று வாரம் காயில் எரிந்திருக்கிறது. அந்த முறை ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. 500 தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே உள்ளதற்கும் சேர்ந்து ஏறும்.

கம்பெனியில் ஐந்து தடவை புகார் சொன்னேன். போர்டு பழுது என்றார்கள். வாரண்டி முடிந்திருந்ததால் 6,400 ரூபாய் கட்டி மாற்றினேன். சர்வீஸுக்கு வந்த தம்பி நல்ல பையன், வேலையும் சுத்தம். அவன் முன்னாலேயே மெயினை அணைத்துப் போட்டேன். மறுபடியும் 60, மறுபடியும் அந்தச் சுருள். "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்றான். நூறு ரூபாய் கடிகாரம்கூட ஒரு சின்ன பேட்டரியை வைத்து நேரத்தை நினைவில் வைத்திருக்கிறது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு மின்தடை வருகிற ஊரில் விற்கிற பொருளுக்கு அந்தப் புத்தி வேண்டாமா? பகலில் நான் ஆபீஸில் இருப்பேன். ஆச்சிதான் போன் போடுவாள்: "ஏ ஐயா, கரண்டு வந்துட்டு. மிஷினைப் பாத்தியா?" எண்பத்திரண்டு வயதில் அவளுக்கு இந்தக் கவலை எதற்கு?

நண்பருக்கு நான் சொன்ன பதில், இதே மாடல் என்றால் வாங்காதீரும் என்பதுதான். வேறு எதைப் பார்த்தாலும், கடையில் ஓடிக்கொண்டிருக்கிற மிஷினில் 50 வைக்கச் சொல்லும், காயிலை அணைக்கச் சொல்லும், பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகச் சொல்லும். திரையில் 50 நின்றால் மட்டும் விலை பேசும்.